மூச்சு விட்டால் பூமி சூடாகுமா? எண்ணூர் சொல்லும் கரியின் கதை!

ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2011-க்கு முன்பு மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டையை நம்பிக் காயப்போட முடியாது. காலையில் காயப்போட்டதை மாலையில் எடுத்தால், தோள்பட்டையில் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருக்கும். ஜன்னல் கட்டையை விரலால் தடவினால் விரல் கறுக்கும். துறைமுகத்தில் மலை மலையாகக் குவிந்து கிடந்த நிலக்கரியிலிருந்து பறந்து வந்த தூள் அது.

விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிலக்கரி, இரும்புத்தாது போன்ற தூசு கிளப்பும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று 2011-ல் உத்தரவு வந்தது. கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்தில் சட்டை வெளுத்தது.

ஆனால், கரி எங்கும் காணாமல் போய்விடவில்லை. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் போனது, அவ்வளவுதான். அங்கே அது கொதிகலனில் எரிகிறது. எரிந்த பிறகும் அது காணாமல் போவதில்லை. புகைபோக்கி வழியாகக் காற்றுக்கு, காற்றிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து இறாலுக்கு, இறாலிலிருந்து நமக்கு என்று ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கார்பன் என்று நாம் சொல்லும் அந்தக் கரிக்கு அழிவில்லை, முகவரி மாற்றம் மட்டும்தான். அந்த முகவரிகள் ஒவ்வொன்றையும் பார்க்க உலகம் சுற்ற வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனாலே போதும்.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ மூச்சு!

நாம் உள்ளே இழுப்பது ஆக்சிஜன், வெளியே விடுவது கரியமில வாயு. இது பள்ளிக்கூடப் பாடம். கரியமில வாயு கூடுவதால் பூமி சூடாகிறது. இது செய்தித்தாளில் படிப்பது. இரண்டையும் சேர்த்துவைத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அப்படின்னா நாம மூச்சு விடுறதாலயும் பூமி சூடாகுதா?"

கேள்வியில் தவறே இல்லை. ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க விடும் மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை மட்டும் பிரித்து எடை போட்டால் சுமார் 1 கிலோ வரும். உலகத்தில் 800 கோடிக்கும் மேல் மனிதர்கள். கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனாலும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், "இல்லை."

ஏன்? காலையில் சாப்பிட்ட இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் அரிசியும் உளுந்தும் சில மாதங்களுக்கு முன்பு வயலில் பயிராக நின்றவை. அந்தப் பயிர் தன் இலைகள் வழியாகக் காற்றிலிருந்த கரியமில வாயுவை இழுத்து, வெயிலின் உதவியோடு மாவுச்சத்தாக மாற்றியது. அந்த மாவுச்சத்தை நாம் தின்று, உடம்புக்குள் மெதுவாக எரித்து, அதே கரியமில வாயுவை மூச்சாக வெளியே விடுகிறோம். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுப்பதைப் போன்ற கணக்கு இது. ஊரில் இருக்கும் பணம் இதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்துக்கும் இதே கணக்குதான். வஞ்சிரம் நெத்திலியைத் தின்றிருக்கும்; நெத்திலி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றிருக்கும்; அவற்றில் பச்சையமுள்ளவை கடல்நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து வளர்ந்தவை. எல்லாமே சமீபத்துக் கடன்கள். மீன் பிடிக்கப் போன படகின் டீசல் மட்டும் இதில் சேராது. அது வேறு கணக்கு. அதற்குத்தான் வருகிறோம்.

மரம் மண்ணைத் தின்கிறதா?

17-ம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் இருக்கும் பகுதியில் வான் ஹெல்மான்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். ஒரு தொட்டியில் மண்ணை எடை போட்டு நிரப்பி, சுமார் இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம் கழித்துப் பிடுங்கி எடை போட்டால், மரம் 75 கிலோவுக்கும் மேல். தொட்டி மண்ணில் குறைந்ததோ சுமார் 60 கிராம்தான்!

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதிதான் சரி. மரத்தின் உலர் எடையில் பெரும்பங்கைக் கொடுத்தது காற்று. ஈரம் போகக் காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அது முழுக்க இலை வழியாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற வார்த்தையை உருவாக்கியவரே இந்த வான் ஹெல்மான்ட்தான். கரியை எரித்தால் வரும் வாயுவை முதலில் கவனித்து எழுதியவரும் அவர்தான். தன் தொட்டி மரத்தைக் கட்டியதே அந்த வாயுதான் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இதை வடசென்னைக்குக் கொண்டுவருவோம். கேஸ் அடுப்பு வருவதற்கு முன்பு இந்த நகரம் எரித்த விறகில் பெரும்பகுதி சவுக்கு. வடக்கே கடலோரத் தோப்புகளில் வெட்டப்பட்ட சவுக்கு, பக்கிங்ஹாம் கால்வாயில் படகு படகாக வந்து இறங்கியது. ராயபுரத்திலிருந்து 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அந்தக் காலத்து எஞ்சின்களுக்கும் விறகு தேவைப்பட்டது. அதற்காகவே கடலோரங்களில் சவுக்கு வளர்க்கப்பட்டது.

சவுக்கு நான்கைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும். அடுப்பில் எரிந்தால் அந்த நான்கைந்து வருடத்தில் காற்றிலிருந்து எடுத்ததைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால், புதிய கன்று அதை மறுபடி இழுத்துக்கொள்ளும். புகை கண்ணைக் கரித்தது உண்மை. அம்மாக்களின் நுரையீரலைப் பாதித்ததும் உண்மை. ஆனால், கார்பன் கணக்கைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கைமாற்றுதான்.

கிளிஞ்சல் சுவர் மூச்சு வாங்கும்!

அதே கால்வாயில் விறகோடு இன்னொரு சரக்கும் வந்தது: கிளிஞ்சல். பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கிடைத்த மட்டி, சிப்பி ஓடுகள். இவற்றைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பளிங்கு போலப் பளபளக்கும் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' பூச்சு ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களையே அசரவைத்தது.

அந்த ஓட்டுக்குள்ளும் கார்பன் இருக்கிறது. மட்டி தன் ஓட்டைக் கட்டும்போது, கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பனையும் கால்சியத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. சூளையில் சுட்டால் அந்தக் கார்பன் வாயுவாகப் பறந்துவிடும், சுண்ணாம்பு மிஞ்சும். நீர் சேர்த்துக் குழைத்துச் சுவரில் பூசினால், அது பல மாதங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, மறுபடியும் கல்லாக இறுகும். சுடும்போது ஓட்டிலிருந்து பறந்ததைச் சுவர் காற்றிலிருந்து மீட்டுக்கொள்கிறது. பழைய வீட்டுச் சுவர் வருடம் போகப்போக உறுதியாகிறது என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

விறகு, சோறு, மீன், சுண்ணாம்பு என்று கால்வாய்க் கரையோர வாழ்க்கை முழுக்கக் கார்பன் சிறு சிறு வட்டங்களாகச் சுற்றி வந்தது. அந்த வட்டத்துக்குள் வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் நிலக்கரி.

ஒரிசாவில் புதைந்த காடு

எண்ணூரில் எரியும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கப் பகுதியிலிருந்து வருவது. ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு, பிறகு கன்வேயர் பெல்ட்டில் மின் நிலையத்துக்கு. 2001-ல் திறக்கப்பட்டு, இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகம் முதலில் கட்டப்பட்டதே இந்தக் கரியை இறக்கத்தான்.

25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அந்தக் கரி ஒரு காடாக இருந்தது. அப்போது மனிதன் இல்லை, டைனோசர்கூட இல்லை. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அன்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சதுப்பு நிலங்களில் குளோசாப்டெரிஸ் என்ற மரங்கள் அடர்ந்து நின்றன. நாக்கு வடிவ இலைகள் கொண்டதால் அந்தப் பெயர். இலையும் கிளையும் விழுந்து சேற்றில் புதைந்தன. தண்ணீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் முழுக்க மக்கவில்லை. மேலே மேலே மண் மூடி, அழுத்தமும் சூடும் சேர்ந்து, காடு கரியானது.

அந்த மரங்கள் காற்றிலிருந்து வாங்கிய கடன் திருப்பிக் கொடுக்கப்படவே இல்லை. 25 கோடி வருடம் பூமிக்கடியில் பூட்டிக் கிடந்த பணம் அது. பெட்டகத்தை உடைத்து அத்தனையையும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் கடைவீதியில் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? காற்றில் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான்.

ஒரு யூனிட்டின் எடை என்ன?

நம் வீட்டு மீட்டர் கணக்கிலேயே பார்த்துவிடலாம். அனல் மின் நிலையத்தில் 1 யூனிட் மின்சாரம் எடுக்க முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான இந்திய நிலக்கரி எரிய வேண்டும். அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ 1 கிலோ.

முக்கால் கிலோ கரியிலிருந்து ஒரு கிலோ வாயு எப்படி வரும்? கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிலோ கார்பன் எரிந்தால் 32 கிலோ ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். அதனால்தான் எரித்த கரியைவிடப் புகைபோக்கியில் போகும் வாயுவின் எடை அதிகம்.

ஆக, நிலக்கரியில் எடுத்த 1 யூனிட் மின்சாரம் என்பது ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க விடும் மூச்சுக்குச் சமம். பழைய ஏ.சி. ஒன்று இரவு முழுக்க ஓடி 8 யூனிட் இழுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க மூச்சு விட்ட கணக்கு. ஒரே வித்தியாசம், இந்த மூச்சு எந்த வயலிலிருந்தும் வாங்கிய கைமாற்று இல்லை. 25 கோடி வருடத்துப் பழைய கரி.

எண்ணூர் பக்கத்திலுள்ள வல்லூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 15 லட்சம் யூனிட். அதாவது, 15 லட்சம் பேரின் ஒரு நாள் மூச்சை அது ஒரே மணி நேரத்தில் விடுகிறது. பக்கத்திலேயே வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. 1990-களில் 630 மெகாவாட்டில் தொடங்கியது, பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது, 2024 மார்ச்சில் மேலும் 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. 1970-லிருந்து ஓடிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது.

தாத்தா கண்ட கரி, பேரன் கண்ட புகை

"காற்றில் கூடுவது எரித்த கரியின் வாயுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எரிமலை, காட்டுத் தீ என்று எவ்வளவோ இருக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் ஒரு மரக்கட்டையில் கிடைத்தது.

உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்ற அரிய வகைக் கார்பன் மிகச் சிறிதளவு இருக்கும். உயிர் போனதும் அது குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 25 கோடி வருடத்துக் கரியில் அது துளிகூட மிஞ்சியிருக்காது. எனவே, பழைய கரியின் புகை காற்றில் கலந்தால், பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல் காற்றிலுள்ள கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப் போக வேண்டும். 1950-களில் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரங்களின் வளையங்களைச் சோதித்து, தொழிற்சாலைக் காலத்துக்குப் பிந்தைய வளையங்களில் அது நிஜமாகவே நீர்த்துப் போயிருந்ததைக் காட்டினார்.

இதில் ஒரு சுவாரஸ்யம். ஒட்டிக் கிடந்த அந்தப் பழங்காலக் கண்டத்துக்கு, நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரால் 'கோண்ட்வானா' என்று பெயர் சூட்டியவர் எட்வர்ட் சூஸ் என்ற புவியியலாளர். அவர் ஹான்ஸ் சூஸின் தாத்தா! கரியான காட்டின் கண்டத்துக்குத் தாத்தா பெயர் வைத்தார். அப்படிப்பட்ட கரிகளின் புகையைப் பேரன் மரத்துக்குள் கண்டுபிடித்தார்.

அதே காலத்தில், 1958-ல், சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன்பு அது 280 அளவில் இருந்ததைப் பனிப்பாறைகளில் சிக்கிய பழங்காலக் காற்றுக் குமிழ்கள் காட்டுகின்றன. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கீலிங்கின் வரைபடம் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் ஏறும். வடகோளத்தில் இலை துளிர்க்கும்போது இறங்கும், உதிரும்போது ஏறும். பூமி மூச்சு விடுவது அந்தக் கோட்டில் தெரியும். ஆனால், ஒவ்வொரு மூச்சும் போன வருடத்தைவிட ஒரு படி மேலே முடிகிறது.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல விருட்சம் மகிழ மரம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த கதையில் வரும் மகிழம் அது. இன்று அந்த மகிழம் துளிர்க்கும் புது இலையிலும் கோண்ட்வானாக் கரியின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. அந்த மரத்தடியில் நிற்கும் நம் உடம்பிலும்தான்.

கோலி சோடாவும் வங்கக் கடலும்

நாம் எரித்து வெளியே விடும் கரியமில வாயு முழுவதும் காற்றில் தங்கினால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஏறத்தாழ பாதியைக் காடும் மண்ணும் கடலும் பங்கு போட்டு எடுத்துக்கொள்கின்றன. கடலின் பங்கு சுமார் கால்வாசி.

கடல் எப்படி இழுக்கிறது? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரியமில வாயு கரைந்தால் அதற்கு ஒரு புளிப்பு வரும். கடலிலும் அதுதான் நடக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது. புளித்த நீரில் மட்டியும் சிப்பியும் ஓடு கட்டுவது கடினம். வெயிலில் வைத்த சோடா சீக்கிரம் வாயுவை இழப்பதுபோல, சூடான கடலால் அதிக வாயுவைப் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. நமக்காகச் சுமந்துகொண்டிருக்கும் தோழனின் முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது.

சேறு என்று நினைத்தது பெட்டகம்

கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில், ஒருபுறம் புகைபோக்கிகள், மறுபுறம் கண்டல் புதர்கள். அலையாத்தி என்றும் இவற்றைச் சொல்வோம். அலையை ஆற்றுவதால் அந்தப் பெயர். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் வரும் அதே கண்டல். உப்புத் தண்ணீரில் நின்று, இலை வழியாக உப்பைக் கக்கி, சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சு வேர்களை நீட்டி வாழும் மரம்.

இந்த மரத்தைவிட அது நிற்கும் சேறுதான் முக்கியம். விழும் இலையில் ஒரு பங்கை நண்டு தன் வளைக்குள் இழுத்துப் போகும். இன்னொரு பங்கு நைந்து இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் இரையாகும். எண்ணூர் இறால் தொக்கின் ருசிக்குப் பின்னால் கண்டல் இலை இருக்கிறது. மிச்சம் சேற்றுக்குள் புதையும். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் முழுக்க மக்காது. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அதுவே உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதற்குச் சாட்சி.

25 கோடி வருடத்துக்கு முன் தால்சேரில் நடந்த அதே வேலையின் முதல் கட்டம் இது. வெப்பமண்டலக் காடுகளோடு ஒப்பிட்டால், அதே பரப்பில் மூன்று நான்கு மடங்கு கார்பனை அலையாத்தி நிலம் சேர்த்து வைக்கும். அதில் பெரும்பங்கு மண்ணுக்கடியில். விஞ்ஞானிகள் இதை 'நீலக் கார்பன்' என்கிறார்கள்.

கொடுங்கையூர் குப்பைமேட்டின் அடியிலும் ஆக்சிஜன் இல்லைதானே என்று கேட்கலாம். அங்கே நல்ல தண்ணீர் ஈரத்தில் அழுகும் குப்பை மீத்தேனைக் கக்குகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு. உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வேறு வகை நுண்ணுயிர்கள் முந்திக்கொள்வதால் மீத்தேன் குறைவாகவே உருவாகும். உப்பங்கழிக்கும் குப்பைமேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது.

விளக்கு நமக்கு, சாம்பல் எண்ணூருக்கு

அந்தப் பெட்டகத்தின் மீதுதான் சாம்பல் கொட்டியது.

இந்திய நிலக்கரியில் 30 முதல் 40 சதவீதம் எரியாத சாம்பல். 1 யூனிட்டுக்கு ஏறத்தாழ கால் கிலோ. அதைத் தண்ணீரோடு கலந்து குழாயில் சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். வடசென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்கள் பல வருடங்களாகக் கசிந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. சேப்பாக்கம் என்றதும் பலருக்குக் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். இங்கே செப்பாக்கம் என்று ஒரு கிராமம், சாம்பல் குளத்தை ஒட்டி வாழ்கிறது.

எண்ணெயும் கரியின் உறவுதான். பழங்காலக் கடல் நுண்ணுயிர்கள் புதைந்து உருவானது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. வாளியால் மொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், படகையும் வலையையும் கூழைக்கடாவின் இறகையும் கண்டலின் மூச்சு வேரையும் ஒரே நிறமாக்கியது.

இங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம். கையும் பறியும் போதும். அவர்கள் தடவும் இடத்தில் சேற்றுக்குப் பதில் சாம்பல் தட்டுப்பட்டால் இறால் இருக்காது. ஆழம் குறைந்தால் படகு தட்டும். ஆழம் குறைந்த ஆறு, வெள்ளக் காலத்தில் தண்ணீரை ஊருக்குள் திருப்பும். தமிழ்நாடு முழுக்க எரியும் விளக்கின் செலவில் ஒரு பங்கை இந்தக் குப்பங்கள் கட்டுகின்றன. அதற்கு ரசீதும் கிடையாது. பழைய எண்ணூர் மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட்டில் புதிய அலகு வரும் என்றதும் உள்ளூர் மக்கள் எதிர்த்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும்.

மரம் நட்டால் போதுமா?

போதாது என்பதை நேராகச் சொல்லிவிடலாம். ஒரு ஹெக்டேர் அலையாத்திச் சேறு ஒரு வருடத்தில் புதைக்கும் கரியமில வாயு சில டன்கள். வல்லூர் மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால், சுமார் 1,500 டன் வெளியேற ஒரு மணி நேரம் போதும். கண்டல் நட்டுப் புகைபோக்கியை ஈடுகட்ட முடியாது.

ஆனால், இருக்கும் சேற்றைத் தோண்டினாலோ மூடினாலோ நடப்பது வேறு. பல நூறு வருடம் சேர்த்து வைத்தது சில வருடத்தில் காற்றுக்குப் போய்விடும், இறால் போகும், புயலில் அலையைத் தாங்கும் தடுப்பும் போகும். எனவே, புதிதாக நடுவதைவிட இருப்பதைக் காப்பது முதல் வேலை. ஆற்றிலிருந்து சாம்பலை எடுத்து, கடல்நீர் ஏறி இறங்க வழிவிட்டால், கண்டல் தானே முளைக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீரோட்டம் கொடுத்தே அலையாத்தியை மீட்டுக் காட்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ஏ.சி.யில் ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால், 12 மணி நேரம் ஓடும் வீட்டில் நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். காய்கறிக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுத்தாலோ, மாடித் தோட்டத்துக்கு உரமாக்கினாலோ அந்த அளவுக்குக் குப்பைமேட்டு மீத்தேன் குறையும். இவை சிறியவைதான். கரியிலிருந்து காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் மாறும் பெரிய வேலையை அரசும் மின்வாரியமும்தான் செய்ய வேண்டும். அதைக் கேட்கும் உரிமை, மின் கட்டணம் கட்டும் எல்லோருக்கும் இருக்கிறது.

ராயபுரத்துக்காரர்கள் சட்டையில் படிந்த கரியைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த கரி. கேட்டதால் துறைமுகத்திலிருந்து போனது. ஆனால், அன்று அது போன இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று நகரம் கேட்கவில்லை.

இன்றிரவு பிள்ளைகள் அந்த மூச்சுக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்லுங்கள்: "நீ விடுற மூச்சு கணக்குல இல்லடா கண்ணு. ஆனா, ரூமை விட்டு வரும்போது ஃபேனை நிறுத்திட்டு வா. அந்தச் சாம்பல் விழுற ஊர்லயும் உன்னை மாதிரி ஒரு பையன் இருக்கான்."